நடிப்பென்று தள்ளலாமா?

நமது ஊர்களிலே ஒரு சொல் மிகவும் மலிவாக வழங்கி வருகிறது. ‘நடிப்பு’ என்பதே அச்சொல். கோபம் தலைக்கேறித் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்ட இளைஞனைப் பார்த்தும், காலையில் உயிராய் நேசித்த கணவனை மாலையில் பகைவனாய் எண்ணிக் கதறும் மனைவியைப் பார்த்தும், தோழி தன்னைக் கைவிட்டுவிடுவாளோ என்ற அச்சத்தால் அவள் வீட்டு வாயிலில் விடியுமட்டும் நின்ற மாணவியைப் பார்த்தும் நாம் வழங்கும் தீர்ப்பு அதுவே. வீட்டார் சொல்கின்றனர், அயலார் சொல்கின்றனர், படித்த உத்தியோகத்தர் சொல்கின்றனர். வெட்கத்துடன் கூறவேண்டியிருக்கிறது: நோயாளியின் நாடி பார்க்க வேண்டியவருள்ளும் சிலர் அவ்வாறே சொல்கின்றனர். இத்தீர்ப்புப் பிழையானது என்பதும், இப்பிழையினால் உயிர்கள் வீணே போகின்றன என்பதும் நமது திடமான கருத்து.

கோபக்காரர் எல்லோரையும் பற்றி நாம் இங்கு பேசவில்லை. மருத்துவ நூல்கள் ‘எல்லைநிலை ஆளுமைக் கோளாறு’ என்று குறிப்பிடும் ஒரு நோயைப் பற்றியே பேசுகிறோம். இந்நோயுற்றவருக்கு உணர்ச்சி சட்டென்று பொங்கும். பொங்கியது தணிய நெடுநேரம் செல்லும். அன்புடையார் தம்மை விட்டு அகன்றுவிடுவர் என்ற அச்சம் ஓயாது வாட்டும். ‘நான் யார்?’ என்ற கேள்விக்கு நேற்றிருந்த விடை இன்று இராது. உள்ளே ஒரு வெறுமை. அவ்வெறுமையை மறக்கத் தம் உடலையே வருத்திக்கொள்வதும் உண்டு. வளர்ந்தோர் நூற்றுவரில் ஒருவர் அல்லது இருவருக்கு இந்நிலை இருக்கக்கூடும் என்று பல நாட்டு ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. மனநல வாட்டுகளில் தங்கியிருப்போரை எண்ணினால் ஐவரில் ஒருவர் என்ற அளவுக்கு இத்தொகை உயர்கிறது. ஆகவே இஃது எங்கோ ஒருவருக்கு வரும் அபூர்வ நோயன்று.

‘எல்லை’ என்ற பெயர் எப்படி வந்தது? 1938ஆம் ஆண்டில் நியூயோர்க்கைச் சேர்ந்த அடோல்ஃப் ஸ்டேர்ன் என்னும் உளப்பகுப்பாய்வாளர், சாதாரண மனக்கலக்கத்திலும் அடங்காமல் முழுப் பைத்தியத்திலும் அடங்காமல் நின்ற ஒரு கூட்டத்தாரைக் கண்டு, அவர்களை எல்லையில் நிற்பவர் என்றார். 1980ஆம் ஆண்டில் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் தனது நோய்ப் பட்டியலில் இதனை முறைப்படி சேர்த்துக்கொண்டது. எல்லைத் தகராறு தமிழனுக்குப் புதியதன்று. வடக்கும் கிழக்கும் சந்திக்கும் இடத்தில், கொக்கிளாய்க் களப்புக்குத் தெற்கே வாழும் புல்மோட்டையாருக்கோ அறவே புதியதன்று. எல்லையில் நிற்பவனை இரு புறத்தாரும் தம்மவனல்லன் என்று கைவிடுவது உலக வழக்கு. இந்நோயாளருக்கும் அதுவே நேர்ந்தது. ‘இவருக்குப் பைத்தியமில்லை’ என்று மனநோய் மருத்துவர் அனுப்பிவிடுவார். ‘இவருக்கு உடம்பில் ஒன்றுமில்லை’ என்று பொது வைத்தியர் அனுப்பிவிடுவார். எஞ்சியிருப்பது ‘நடிப்பு’ என்ற ஒரே சொல்தான்.

அச்சொல்லை இன்று விஞ்ஞானம் பொய்யாக்கியிருக்கிறது. எவ்வாறு என்பதைப் புல்மோட்டை மக்களுக்கு விளக்குவது கடினமன்று. 1957ஆம் ஆண்டில் கனிய மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பெற்றது முதல், அவ்வூர்க் கடற்கரையின் கரிய மணலிலிருந்து இரும்பு கலந்த இல்மனைட்டைக் காந்தத்தின் துணைகொண்டு பிரித்தெடுக்கும் தொழிலை அவர்கள் அறிவார்கள். மனிதனின் குருதியிலும் இரும்பு உண்டு. பிராணவாயுவைச் சுமந்து வரும் குருதி காந்தத்துக்கு ஒரு விதமாகவும், அதனை இறக்கிவிட்ட குருதி வேறு விதமாகவும் இசைகின்றது. மூளையின் எப்பகுதி உழைக்கிறதோ அப்பகுதிக்குப் புதுக் குருதி பாய்கிறது. வலிய காந்தத்துக்குள் ஒருவரைப் படுக்கவைத்தால், அவர் அஞ்சும்போது எப்பகுதி உழைத்தது, அடக்கும்போது எப்பகுதி உழைத்தது என்பதைப் படமாகக் காணலாம். செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி 1990ஆம் ஆண்டில் இவ்வழியைக் காட்டினார். மணலில் இரும்பைத் தேடிய அதே காந்தம் மனத்தின் கொந்தளிப்பையும் தேட வந்துவிட்டது!

தேடியவர் கண்டது என்ன? மூளையின் ஆழத்திலே, இரு பக்கமும் பக்கத்துக்கொன்றாய், வாதுமைக் கொட்டை வடிவில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. ஆபத்தை உணர்ந்து அபாயக் குரல் எழுப்புவது அதன் தொழில்களுள் ஒன்று. யானைக்கும் பன்றிக்கும் அஞ்சிக் காவற்பரணில் இரவைக் கழிக்கும் கமக்காரர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். யானையைக் கண்டால் வெடி கொளுத்துவது காவலாளின் கடமை. ஆனால் இலை அசைந்தாலும் கொளுத்துபவன், அயலவனின் எருமை வந்தாலும் கொளுத்துபவன் பரணில் இருந்தால் ஊரார் உறங்குவது எப்படி? அத்தகைய வேளைகளில் ‘பொறு தம்பி, அது எருமைதான்’ என்று சொல்ல அநுபவசாலி ஒருவர் பக்கத்திலே வேண்டும். மூளையில் அந்த மூத்தவரின் இடத்தில் இருப்பது நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளை.

2003ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் இந்நோயுற்றோருக்குப் பல முகங்களின் படங்களைக் காட்டினர். அஞ்சிய முகம், துயருற்ற முகம் மட்டுமல்ல, எவ்வுணர்ச்சியும் காட்டாத முகத்தைக் கண்டபோதும் அவர்களுடைய அமிக்டலா பிறருடையதை விட அதிகமாகக் கிளர்ந்தது. அவர்களுள் சிலர் அந்த வெறும் முகத்தையே தம்மை மிரட்டும் முகமாகக் கண்டனர். 2007ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் நடந்த ஓர் ஆய்விலோ, மனத்தைப் புண்படுத்தும் சொற்களைப் படித்துக்கொண்டே கையை அடக்கிக்கொள்ள வேண்டிய வேளையில் முன்மூளையின் ஒரு பகுதி வேண்டிய அளவு உழைக்கவில்லை என்று கண்டனர். அதற்கும் முன்னர், 2000ஆம் ஆண்டில், ஜெர்மனியில் இந்நோயுற்ற 21 பெண்களின் மூளையை அளந்தவர்கள், நினைவைப் பேணும் ஹிப்போகம்பஸ் என்ற பகுதி ஏறத்தாழ 16 வீதமும், அமிக்டலா 8 வீதமும் சிறுத்திருக்கக் கண்டனர். ஹிப்போகம்பஸ் என்பது கிரேக்க மொழியிலே கடற்குதிரையைக் குறிக்கும் பெயர். வலையில் அகப்பட்ட அப்பிராணியைக் கண்ட மீனவர் அதன் வளைவை அறிவர்.

இனி நாம் கேட்கிறோம்: குருதியைத் தன் விருப்பப்படி மூளையின் ஒரு மூலைக்கு ஓடச் செய்து நடிக்க வல்ல நடிகர் எந்த நாடக மேடையில் இருக்கிறார்? ‘என்னை ஏன் வெறுக்கிறாய்?’ என்று அவள் வினவும்போது நாம் வெறுப்புக் காட்டவில்லை என்பது உண்மை. ஆனால் அவள் கண்டது வெறுப்பு என்பதும் உண்மை. அவளுடைய பரணில் வெடி வெடித்துவிட்டது.

நிற்க. விஞ்ஞானத்தின் பெயரால் மிகைப்படுத்துவதையும் நாம் வெறுக்கிறோம். மேலே கூறிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறு தொகையினரை வைத்துச் செய்யப்பட்டவை. அவை காட்டுவது கூட்டத்தின் சராசரியை. தனி ஒருவரின் படத்தைப் பார்த்து ‘உனக்கு இந்நோய் உண்டு’ என்று எந்த வைத்தியராலும் இன்று சொல்ல முடியாது. யுத்தத்தாலும் வன்செயலாலும் மனம் நொந்தவர்களின் மூளையிலும் இதனையொத்த மாறுதல்கள் காணப்பட்டிருக்கின்றன. மாறுதல் நோயைத் தந்ததா, பட்ட துயர் மாறுதலைத் தந்ததா என்ற வழக்கும் இன்னும் தீரவில்லை. ஆதலால், மகளின் கோபத்துக்குக் காரணம் காண்பதற்காகக் காணியை ஈடுவைத்துக் கொழும்புக்குச் சென்று மூளைப் படம் எடுக்க எவரும் முனைய வேண்டாம். அப்பணத்தில் வயலுக்கு விதைநெல் வாங்குவது மேல். பொறுமையாக உட்கார்ந்து கேள்வி கேட்டு, வாழ்க்கை வரலாற்றைக் கேட்டறியும் நல்ல மருத்துவரே இந்நோயைக் கண்டறியும் கருவி.

விதை பாதி, நிலம் பாதி என்பது கமக்காரர் கணக்கு. இந்நோயின் கணக்கும் ஏறக்குறைய அதுவே. சுவீடன் நாட்டில் இலட்சக்கணக்கான குடும்பங்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, இந்நோய்க்கு ஆளாகும் தன்மையில் மக்களிடையே காணப்படும் வேற்றுமையில் 46 வீதம் பரம்பரையைச் சார்ந்தது. மிகுதி அவரவர் பட்ட அநுபவத்தைச் சார்ந்தது. 2020ஆம் ஆண்டில் பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, இந்நோயுற்றோரில் 71 வீதத்தினர் சிறுபராயத்தில் அடியோ, வன்கொடுமையோ, புறக்கணிப்போ ஏதேனும் ஒன்றை அநுபவித்ததாகக் கூறியிருந்தனர். அதே வேளையில், நல்ல தாய் தந்தையரிடம் குறைவின்றி வளர்ந்த பிள்ளைகளுக்கும் இந்நோய் வருவதுண்டு. எனவே பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு இக்கணக்கை எவரும் பயன்படுத்தலாகாது.

இனி, ‘நடிப்பு’ என்ற சொல்லை விட்டவர்கள் அதனினும் கொடிய சொல்லொன்றைக் கையிலெடுக்கக்கூடும் என்று அஞ்சுகிறோம். ‘மூளைக் கோளாறு’ என்பதே அது. கலியாணத் தரகர் காதில் அச்சொல் விழுந்தால் ஒரு பெண்ணின் வாழ்வு முடிந்தது. அவளுடைய தங்கையின் வாழ்வும் முடிந்தது. மூளையில் வேற்றுமை உண்டென்றால் அது மாறாது, மரணம் வரை தொடரும் என்று நம்மவர் கருதுகின்றனர். இக்கருத்தைப் போல உண்மைக்கு மாறானது பிறிதில்லை.

பொஸ்டன் நகருக்கு அருகிலுள்ள மக்லீன் வைத்தியசாலையில் மேரி ஸானரினி என்ற ஆராய்ச்சியாளர், இந்நோயினால் அங்கு தங்கிச் சிகிச்சை பெற்ற 290 பேரை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து கவனித்தார். பத்து ஆண்டுகளில் அவர்களுள் 93 வீதத்தினர் இரண்டு ஆண்டுகளாவது நோய்க்குறிகள் நீங்கப் பெற்றிருந்தனர். தொழிலும் உறவும் சேர்ந்து முழுநலம் அடைந்தவர் ஏறத்தாழப் பாதிப்பேரே என்பதையும் மறைக்காமல் கூறுகிறோம். எனினும், வைத்தியசாலையில் சேர்க்குமளவுக்கு நோய் முற்றியவர்களின் கணக்கு இது என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். நீரிழிவுக்கு இப்படியொரு செய்தி வந்தால் நாம் வெடி கொளுத்திக் கொண்டாட மாட்டோமா?

நோய் நீங்குவதற்கு உதவியது எது? மாத்திரையன்று. இந்நோய்க்கென்று தனியாக ஒரு மருந்து இல்லை. இதற்காக மட்டும் மருந்து கொடுக்க வேண்டாம் என்று இங்கிலாந்தின் மருத்துவ நெறிமுறைக் குழு 2009ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியது. உதவுவது பேச்சும் பயிற்சியும். மார்ஷா லினஹான் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்த முறை அவற்றுள் புகழ்பெற்றது. பொங்கும் உணர்ச்சியைப் பெயரிட்டு அறிவது, அலை தணியும் வரை கரையில் நிற்பது, கேட்க வேண்டியதைச் சண்டையின்றிக் கேட்பது ஆகியவற்றை நெசவு பழக்குவது போல் ஓராண்டு பழக்குவார்கள். 1991ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆய்விலே, இப்பயிற்சி பெற்றவர்கள் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்வது வெகுவாகக் குறைந்திருந்தது. இவர் ஏட்டுச் சுரைக்காய் அறிஞரல்லர். 1961ஆம் ஆண்டில், பதினேழு பதினெட்டு வயதில், தாமே மனநோய் வைத்தியசாலையில் அடைபட்டுக் கிடந்ததை அதே வைத்தியசாலை மண்டபத்தில் நின்று 2011ஆம் ஆண்டில் உலகறியச் சொன்னார். இப்பயிற்சியை ஓராண்டு பெற்ற சிலரின் மூளையை முன்னும் பின்னும் படமெடுத்து 2014ஆம் ஆண்டில் வெளியிட்டவர்கள், அமிக்டலாவின் கிளர்ச்சி தணிந்திருக்கக் கண்டனர். தொகை சிறிது, ஆனால் செய்தி பெரிது. பரணிலிருந்த காவலாளும் கற்றுக்கொள்ளக் கூடியவனே.

இலங்கையிலே இவ்விஷயம் வெறும் கல்விச் சர்ச்சையன்று. 1995ஆம் ஆண்டளவில் தற்கொலையில் உலகின் முன்வரிசையில் நின்ற நாடு இது. ஒரு இலட்சம் மக்களுக்கு 47 பேர் ஆண்டுதோறும் மாண்டனர். கொடிய கிருமிநாசினிகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் சாவு எழுபது வீதமளவு வீழ்ந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டமும் 1998ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. இவ்விரண்டுக்காகவும் ஆட்சியாளரைப் பாராட்டத் தயங்கோம். கிருமிநாசினியைப் பெட்டியில் பூட்டி வைத்தால் போதும் என்றும் சிலர் கருதினர். வட மத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் அதனைப் பரீட்சித்து 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு, பூட்டினால் பயன் விளையவில்லை என்பதே. தடையே உயிர் காத்தது.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. சாவு குறைந்ததேயன்றி, நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வருவோரின் தொகை அதற்கேற்பக் குறையவில்லை. அதாவது, முன்னர் மாண்டிருக்கக் கூடியவர்கள் இன்று பிழைத்து எழுகின்றனர். பிழைத்தபின் நடப்பது என்ன? வயிற்றைச் சுத்தஞ்செய்து, சேலைன் ஏற்றி, ‘இனி இப்படிச் செய்யாதே’ என்று ஒரு புத்திமதியும் கூறி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அவர்களுள் பெரும்பாலோருக்கு நாம் கூறும் நோய் இல்லை; குடும்பச் சண்டை, கடன், காதல் என்று ஒரு கணத்து ஆவேசமே காரணம். இருப்பினும், திரும்பத் திரும்ப வருபவர் யார்? ‘வழக்கமான ஆள்’ என்று பெயரெடுத்து, கட்டிலின் பக்கத்தில் ஒருவரும் நில்லாமல் கிடப்பவர் யார்? அவர்களைத்தான் இந்நோய் இருக்குமோ என்று முதலில் விசாரிக்க வேண்டும். ‘நடிப்பு’ என்று சொல்லி அவர்களைப் புறக்கணிப்பது, கைவிடப்படுவோமோ என்று அஞ்சுபவரைக் கைவிட்டே காட்டுவதாகும்.

புல்மோட்டை பட்ட துன்பங்களை நாடறியும். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அக்கரையை அடித்தது. 2009ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், வன்னிக் கடற்கரையிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தார் கப்பலில் ஏற்றிவந்த காயமுற்றோருக்காக இந்திய மருத்துவக் குழுவினர் அங்கேதான் வைத்தியசாலை அமைத்தனர். உடலில் தைத்த குண்டுத் துணுக்கை எடுக்க அன்று கத்தி இருந்தது. மயக்க மருந்து இருந்தது. அக்காட்சிகளைக் கண்ட பிள்ளைகள் இன்று வளர்ந்து தாய் தந்தையராகிவிட்டனர்.

இவ்விடத்தில் ஆட்சியாளருக்கு ஓர் எச்சரிக்கையும் விடுக்கிறோம். மகனைத் தேடி வீதியோரத்தில் ஆண்டுக்கணக்காக அமர்ந்திருக்கும் தாயின் துயரம் மூளைக் கோளாறு அன்று. நிலத்தை இழந்தவனின் சினம் ஆளுமைக் கோளாறு அன்று. நீதி வழங்க வேண்டிய இடத்தில் நோய்ச் சீட்டு வழங்கித் தப்பித்துக்கொள்ள எவரும் இவ்விஞ்ஞானத்தைத் துணைக்கழைக்க நாம் இடந்தர மாட்டோம். துயரப்படுவோர் வேறு, பொங்கும் உணர்ச்சியால் தம் வாழ்வையும் உறவையும் தாமே குலைத்துக்கொண்டு, அதற்காகவும் தம்மை வெறுப்போர் வேறு. இருவரையும் பிரித்தறிவதற்கே பயிற்சி பெற்றவர் வேண்டுமென்கிறோம்.

அத்தகையோர் எந்த மொழியில் பேச வேண்டும்? கால் முறிந்தவனுக்கு மொழிபெயர்ப்பாளர் துணையோடு கட்டுப் போடலாம். மனம் முறிந்தவனுக்கு அது ஆகாது. ‘நெஞ்சு பதைக்குது’ என்பதற்கும் ‘நெஞ்சு எரியுது’ என்பதற்கும் உள்ள வேற்றுமை, தமிழறியாதவரின் குறிப்பேட்டில் மார்புவலி என்ற ஒரே நோயாகிவிடும். உணர்ச்சிக்குப் பெயரிடுவதே சிகிச்சையின் முதற்படி என்றால், அப்பெயர் நோயாளியின் தாய்மொழியில் அல்லவா இருக்க வேண்டும்? 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. காரியாலயப் பெயர்ப்பலகையோடு அவ்வுரிமை நின்றுவிடுவதை ஒப்புக்கொள்ள இயலாது. இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் ஒரே தமிழில் அழும் ஊர் புல்மோட்டை. கோயிலில் நூல் கட்டுவோரையும் பள்ளிவாசலில் ஓதிப் பார்ப்போரையும் நாம் இகழவில்லை. துன்பத்தில் அவர்கள் வாயிலே முதலில் திறக்கிறது. அப்பெரியார்களே, திரும்பத் திரும்ப வருபவரை வைத்தியரிடம் கையைப் பிடித்து அழைத்துச் செல்வார்களாயின் அதுவே பெருந்தொண்டு. உயிருக்கு ஆபத்தான வேளையில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு. ஆசிரியரும் கிராம உத்தியோகத்தரும் அதனைச் சுவரில் எழுதி வைக்கட்டும்.

எனினும் தொலைபேசி ஓராண்டுப் பயிற்சியைத் தராது. இலங்கையில் ஒரு இலட்சம் மக்களுக்கு ஒரு மனநோய் மருத்துவர்கூட இல்லாத நிலையில், ஒவ்வோர் ஊருக்கும் ஒரு நிபுணரை நாம் கேட்கவில்லை. தாதியரும், மனநலச் சமூக சேவையாளரும், நல்ல மனம் படைத்த இளம் பட்டதாரிகளும் இப்பயிற்சியைக் கற்றுக் கற்பிக்கக் கூடியவர்களே. லினஹானின் முறைப்படி வாரத்தில் ஒருநாள் தனியே உரையாடல். மற்றொரு நாள் குழுவாகப் பயிற்சி. புல்மோட்டையிலிருந்து திருகோணமலை நகர் 50 கிலோமீற்றருக்கு மேல். குச்சவெளிப் பிரதேசத்திலேயே தமிழில் இவ்வேற்பாட்டைச் செய்யாவிடின், நோயாளி ஒருவர் ஆண்டில் நூறு தடவைக்கு மேல் பஸ் ஏற வேண்டும். பயிற்சியாளர் இருவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று மாகாண சுகாதாரத் திணைக்களத்தார் கேட்பார்களாயின், அந்த நூறு நாட் பஸ் கட்டணத்தையும், அந்த நூறு நாளும் அவர் இழக்கும் கூலியையும், அவரோடு துணைக்குச் செல்லும் தாயின் கூலியையும் அதே தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்கட்டும்.